அட்லாண்டிக் கரைகளும் மார்க்கெட் ஸ்திரீட் ஏடுகளும்

தோ பாயோவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்துவரும் நான், 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றி மாலைவேளையில் கூடுகிற நண்பர்களிடையே, அதுவரை ஒருநாளும் கேட்டிராத ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கலானேன். 'சோரா' என்பது அச்சொல். சிங்கப்பூர் வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓரிரவுக்குக் கொடுக்கும் கடனுக்கான சராசரி வட்டிவிகிதத்தின் பெயர் அது என்பதைப் பாமரரும் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அந்த ஆண்டில்தான் ஏற்பட்டது. வீட்டுக் கடனை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமே பெற்றவர்கள் 2.6 சதவீத வட்டியை வழக்கம்போலச் செலுத்தி நிம்மதியாயிருக்க, வங்கியை நாடியவர்களோ, ஆண்டின் ஆரம்பத்தில் அரைச் சதவீதத்துக்கும் கீழே கிடந்த அந்த விகிதம் ஆண்டு முடிவதற்குள் மூன்று சதவீதத்தை ஒட்டி ஏறிவிட்டதைக் கண்டு, மாதத் தவணை எவ்வளவு கூடும் என்று கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுக்கும் நம் நாட்டில் யாரும் வட்டியை உயர்த்தித் தீர்மானம் போடவில்லை. வாஷிங்டனில் கூடிய ஒரு குழு அமெரிக்காவின் வட்டியை உயர்த்தியது. அந்த உயர்வு பசிபிக்கைக் கடந்து தோ பாயோ லோரோங் 4க்கு வந்து சேர்ந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பது எளிய கேள்வியன்று. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981ஆம் ஆண்டு முதல் வட்டியைக் கொண்டல்லாமல், பல நாட்டு நாணயங்களின் தொகுதியோடு நம் வெள்ளியின் மதிப்பை ஒப்பிட்டு அதனை நெறிப்படுத்துவதைக் கொண்டே விலைவாசியைக் காத்துவருகிறது. பணம் தடையின்றி உள்ளே வரவும் வெளியே செல்லவும் கதவைத் திறந்துவைத்து, நாணய மதிப்பையும் தானே நிர்ணயித்துக்கொள்ளும் ஒரு நாடு, வட்டிவிகிதத்தை மட்டும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள இயலாது. மூன்றில் ஒன்றைக் கைவிட்டே ஆகவேண்டும். இந்தத் தத்துவத்தை 1960களின் தொடக்கத்தில் வகுத்துத் தந்தவர்கள் இருவர். ஒருவர் கனடாவில் பிறந்த ராபர்ட் மண்டெல். மற்றவர் பிரிட்டனிலிருந்து வந்த மார்கஸ் ஃபிளெமிங். இருவரும் அந்நாளில் சர்வதேச நாணய நிதியத்தில் பணியாற்றியவர்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2013இல், லண்டன் வணிகப் பள்ளியின் பேராசிரியரான எலென் ரே, அமெரிக்காவின் ஜாக்ஸன் ஹோல் மாநாட்டில் பேசும்போது, நாணய மதிப்பை மிதக்கவிட்ட நாடுகளுக்குக்கூட முழுச் சுதந்திரம் இல்லை என்றும், உலகமெங்கும் கடனும் முதலீடும் ஒரே அலையாக ஏறி இறங்குகின்றன என்றும், அந்த அலையைப் பெரிதும் எழுப்புவது அமெரிக்க மத்திய வங்கியே என்றும் வாதித்தார். அவரோடு சேர்ந்து நெடுங்காலம் ஆராய்ச்சி செய்தவர் பியேர் ஒலிவியே குரின்ஷா. பிரான்சில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் போதித்து, பின்னர் 2022இல் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணரானவர் அவர். ஒருவர் லண்டனிலும் மற்றவர் கலிஃபோர்னியாவிலும் இருந்துகொண்டு எழுதியவை, தோ பாயோக் குடும்பம் ஒன்றின் மாதச் செலவை விளக்குகின்றன என்பதை எண்ணும்போது, கல்வியாளரின் கூட்டுறவு சாமானியரின் வாழ்விலிருந்து வெகுதூரத்தில் இல்லை என்பது எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

அட்லாண்டிக்கின் இரு கரைகளும் இப்படிச் சேர்ந்து சிந்திக்கும் பழக்கம் நேற்று முளைத்ததன்று. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி உலக நாணய ஒழுங்கை வகுத்தபோது, பிரிட்டனின் கெயின்ஸும் அமெரிக்காவின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட்டும் தயாரித்த திட்டங்களே அடிப்படையாயின. அந்த மண்டபத்தில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்திருந்தவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் என்பதையும், மூன்றே ஆண்டுகளில் அவரே சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார் என்பதையும் நம்மவர் மறந்துவிடலாகாது. ஆயினும் பிரெட்டன் வுட்ஸ் அரசாங்கங்களின் பேரம். அதனைக் கல்வியாளரின் கூட்டுறவு என்று சொல்வதற்கில்லை. என் மனத்தைக் கவர்வது அதற்குப் பின்னால் நடந்த ஒன்று. 1963இலும் 64இலும், டாலருக்கும் தங்கத்துக்கும் இடையே இருந்த பந்தம் தளரத் தொடங்கிய காலத்தில், பிரின்ஸ்டனின் ஃபிரிட்ஸ் மாக்லுப், யேலின் ராபர்ட் டிரிஃபின், வில்லியம் ஃபெல்னர் ஆகிய மூவரும், அரசுப் பதவி எதிலும் இல்லாத பொருளாதார அறிஞர் 32 பேரைத் திரட்டி, இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோ முதலிய இடங்களில் கூட்டங்கள் நடத்தினார்கள். மாக்லுப் ஆஸ்திரியாவிலும், டிரிஃபின் பெல்ஜியத்திலும், ஃபெல்னர் ஹங்கேரியிலும் பிறந்தவர்கள்; மூவருமே கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள். எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்று அவர்கள் நிர்ப்பந்திக்கவில்லை. எந்த எந்த அனுமானத்தை ஏற்றால் எந்த எந்த முடிவு வரும் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தால், நாம் எதில் வேறுபடுகிறோம் என்பதாவது உலகத்துக்குத் தெரியும் என்பது அவர்கள் கைக்கொண்ட முறை. அபிப்பிராய பேதத்தை மறைக்காமல் ஒழுங்குபடுத்துகிற இந்த நேர்மையை எந்தத் துறையில் கண்டாலும் நான் வணங்குவேன்.

அந்த நேர்மைக்கு இன்னுமொரு சாட்சி நம் பக்கத்திலேயே உண்டு. நியூயார்க்கின் கொலம்பியாவிலும் பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் பயின்ற டாக்டர் அம்பேத்கர், இந்திய நாணயத்தின் சரித்திரத்தை ஆராய்ந்து 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை 1923இல் வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதிய அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன், மாணவரின் விமரிசனங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, மாணவரின் சிந்தனையிலுள்ள புதுமையை மெச்சவும் செய்தார்.

இன்று அமெரிக்காவில் 1920இல் தோன்றிய தேசியப் பொருளாதார ஆராய்ச்சிப் பீரோவும், லண்டனில் 1983இல் நிறுவப்பட்ட பொருளாதாரக் கொள்கை ஆராய்ச்சி மையமும் கட்டுரைகளையும் கருத்தரங்குகளையும் ஓயாமல் பரிமாறிக்கொள்கின்றன. சிங்கப்பூரும் சும்மா இருக்கவில்லை. ஆசிய நிதி, பொருளாதார ஆராய்ச்சிக்கென இங்கே அமைக்கப்பட்டுள்ள ஸ்தாபனம் இரு கரைகளின் அறிஞர்களையும் ஆண்டுதோறும் நம் ஊருக்கு வரவழைக்கிறது. இதெல்லாம் மகிழ்ச்சிக்குரியதே. என் குறை வேறு. இந்தக் கூட்டுறவு நாளுக்கு நாள் பெருகிவந்தாலும், அது வாசிக்கும் ஏடுகள் இன்னும் பெரும்பாலும் அட்லாண்டிக்கின் ஏடுகளாகவே இருக்கின்றன. லண்டன் வங்கிகளின் ஆவணங்கள், நியூயார்க் பங்குச் சந்தையின் விலைப்பட்டியல்கள், ஆம்ஸ்டர்டாமின் பழங்கணக்குகள் ஆகியவற்றிலிருந்து உலகப் பணத்தின் சரித்திரம் எழுதப்படுகிறது. ஆசியாவில் எல்லை கடந்து ஓடிய பணத்தின் கதையில், நம் முன்னோர் தமிழில் எழுதிவைத்த பகுதி வாசிப்பாரின்றிக் கிடக்கிறது.

சிங்கப்பூர் நிதி நகரமான வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறோம் என்று சற்றுக் கவனியுங்கள். கதை 1968இல் ஆரம்பமாகிறது. டச்சுப் பொருளாதார நிபுணர் ஆல்பர்ட் வின்ஸெமியஸ், பாங்க் ஆப் அமெரிக்காவின் அதிகாரியான தம் நண்பர் வான் ஓனனை லண்டனில் தொடர்புகொண்டு, சிங்கப்பூரை நிதி மையமாக்க வழி உண்டா என்று கேட்டார். பூமியுருண்டையைப் பார்க்கச் சொன்னார் நண்பர். காலையில் ஜூரிச்சில் தொடங்கும் பணச்சந்தை, லண்டன், நியூயார்க் என்று மேற்கே நகர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் மூடியபின், மறுநாள் ஜூரிச் விழிக்கும் வரை உலகம் இருண்டு கிடக்கிறது. அந்த இடைவெளியில் சிங்கப்பூரை வைத்தால் பணம் இருபத்துநான்கு மணி நேரமும் உறங்காது என்று அவர் விளக்கினார். அந்த ஆண்டே வெளிநாட்டவர் வைப்புக்கான வட்டியின்மீது இருந்த வரி நீக்கப்பட்டது. அக்டோபர் மாதத்தில் ஆசிய டாலர் சந்தை பிறந்தது. அழகான, உண்மையான கதைதான். ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, அந்நிய நாட்டு முதலை இவ்வூரில் வைப்பாகப் பெற்று, இங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குக் கடனாக அனுப்பி, வட்டிவிகிதத்தையும் தானே நிர்ணயித்த ஒரு சந்தை, ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே நடந்துகொண்டிருந்தது என்பதை அந்தக் கதை சொல்வதில்லை.

மார்க்கெட் ஸ்திரீட்டைத்தான் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் அத்தெருவில் வட்டித்தொழில் நடத்தும் கிட்டங்கிகளை அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்வித்தது 1859இல். லண்டனின் சார்ட்டர்ட் பாங்க் இவ்வூரில் கிளை திறந்ததும் அதே 1859இல். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே ஆனாலும், அக்காலத்துக் கடன் அமைப்பின் இரு தூண்கள் அவை என்று சொல்வதில் தவறில்லை. ஐரோப்பிய வங்கி சீன வணிகரையும் சிறு தோட்டக்காரரையும் நேரில் அறியாது; நகரத்தார் அறிவார். வங்கியிடம் மொத்தமாகப் பெற்ற பணத்தையும், ஊரிலிருந்து வந்த சொந்த முதலையும், உறவினரும் கோயில்களும் வைத்த மேம்பணத்தையும் ஒன்றுசேர்த்துக் கடைத்தெருவுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் அவர்கள் கொண்டுசென்றார்கள்.

கிட்டங்கியின் உள்ளே எப்படியிருக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று குறைவு. நான் சிறுவனாக என் தந்தையாருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துச் சென்றபோது கண்டிருக்கிறேன். தாது வருஷத்தில், அதாவது 1936இல், பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி வந்து, பின்பு அடுத்தாளாக உயர்ந்தவர் அவர். குறுகிய முகப்பும் நீண்ட உடலுமான கடைவீடு, உள்ளே இருபுறமும் வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஒரு சிறு இடம், ஓர் இரும்புப் பெட்டி, தரையில் பாய், பாயின்மேல் சாய்வான மரமேசை. பகலில் அதுவே பாங்கி, இரவில் அதுவே படுக்கை. கோடிக்கணக்கில் பணம் புழங்கிய அவ்விடத்தில் நாற்காலி ஒன்றுகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. வேட்டியும் விபூதியுமாகச் சம்மணமிட்டு அமர்ந்த, முதலாளிகளின் பிரதிநிதிகளான மேலாட்கள், மூன்று ஆண்டுக் கணக்குக்கு இங்கே வந்து, கணக்கை முடித்து ஊருக்குத் திரும்பி, மறுபடியும் மூன்றாண்டுக்கு ரங்கூனுக்கோ, பினாங்குக்கோ, சைகோனுக்கோ, கொழும்புக்கோ போவார்கள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த முதலாளிக்கு மாதந்தோறும் கணக்கின் பிரதி போய்ச்சேரும். இன்று பல நாடுகளில் கிளை பரப்பிய வங்கிகள் செய்கிற மேற்பார்வையை, தபாலையும் கப்பலையும் மாத்திரம் கொண்டு அவர்கள் செய்தார்கள்.

இங்கேதான் சர்வதேச நிதியை ஆராய்கிற எவரும் நிமிர்ந்து உட்கார வேண்டிய ஒரு செய்தி வருகிறது. நகரத்தார் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டி என்றும் தவணை வட்டி என்றும் இரண்டு விகிதங்கள் உண்டு. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதந்தோறும் மேலாட்கள் கூடி, பணத்தின் தட்டுப்பாட்டையும் தாராளத்தையும் எடைபோட்டு, அந்த மாதத்து வட்டி இன்னதென்று நிச்சயிப்பார்கள். அந்த விகிதத்தை ஒட்டியே வைப்புகளின் வட்டியும், அதன்மேல் கடன்களின் வட்டியும் கணக்காயின. லண்டன் வங்கிகள் தமக்குள் கடன் வாங்கும் வட்டி இன்னதென்று தினந்தோறும் அறிவித்த 'லைபார்' என்ற விகிதம் முறையாக நிறுவப்பட்டது 1986இல்தான். அந்த விகிதத்தைச் சில வங்கிகள் தம் லாபத்துக்காகத் திரித்தது 2012இல் அம்பலமாகி, பெரும் அபராதங்கள் விதிக்கப்பட்டு, 2023இல் டாலருக்கான லைபாரே நிறுத்தப்பட்டது. ஒரு விகிதத்தை யார், எதன் அடிப்படையில், எவ்வளவு நேர்மையாக நிர்ணயிப்பது என்ற அந்தக் கேள்விக்கு இரு கரைகளின் அறிஞர்களும் பத்தாண்டுகளாக விடை தேடுகிறார்கள். தமக்குள் போட்டியிட்டுக்கொண்டே, தம்மில் ஒவ்வொருவருடைய நாணயமும் மற்றவருக்குத் தெரிந்திருக்க, சந்நிதிக்கு முன்னால் கூடி வட்டியைத் தீர்மானித்தவர்களின் மாதாந்தர விகிதங்கள் அவர்களுக்குக் கிடைக்குமானால் எவ்வளவு பிரயோஜனமாயிருக்கும்! கோயிலில் கூடியதனாலேயே அங்கே சுயநலம் இல்லை என்று நான் வாதிக்க மாட்டேன். உண்டா இல்லையா என்பதை எண்கள் சொல்லட்டும் என்பதே என் வேண்டுகோள்.

எண்கள் சொல்லப்போவது அனைத்தும் நமக்குப் பெருமை தருவதாக இராது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் நகரத்தாரின் முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஐராவதியின் கழிமுகக் காடு அழிந்து நெல்வயலானதில் அந்தப் பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உலக மந்தம் வந்து நெல்விலை விழுந்ததும், கடனைத் திருப்பமுடியாத பர்மியக் குடியானவனின் நிலம் கடன் கொடுத்தவன் கைக்கு மாறியது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 சதவீத நிலத்தையே உடைமையாகக் கொண்டிருந்தவர்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால்பங்கு நிலத்துக்கு உரிமையாளரானார்கள். அவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, பணத்தையே என்பது மெய். நிலத்தை இழந்தவனுக்கு அந்த மெய்யினால் ஆறுதல் ஏதுமில்லை. பின்பு ஜப்பானியப் படையெடுப்பும், கால்நடையாக இந்தியா திரும்பிய துயரமும், 1948இன் நில தேசியமயமும் வந்து அந்தச் செல்வம் முழுவதையும் துடைத்தன. வெளிநாட்டு முதல் ஒரு தேசத்துக்குள் வெள்ளமாகப் புகுவதையும், திடீரென்று வற்றுவதையும், அதனால் உள்ளூரார் வெகுண்டெழுவதையும் ஆராய்கிற இன்றைய அறிஞருக்கு இதைவிட முழுமையான ஓர் உதாரணம் அரிது. கொடுத்தவன் கணக்கும் அதே ஏட்டில், பெற்றவன் பெயரும் அதே ஏட்டில் இருக்கிறது.

மேலைநாட்டார் இதனை அறவே கவனிக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயமாகும். அமெரிக்கரான மைக்கேல் அடாஸ் 1974இல் பர்மாவின் கழிமுகத்தைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ஆதார கிரந்தம். டேவிட் ரட்னர் நகரத்தாரின் ஜாதி அமைப்பும் வணிக அமைப்பும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருந்தன என்பதை விளக்கி 1994இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்டார். ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் டீட்டர் எவர்ஸும் ஜெயராணி பவதாராயனும் சிங்கப்பூர் நகரத்தாரையே தனியாக எடுத்துக்கொண்டு, அவர்களுடைய சிக்கனத்தையும் தைப்பூசத்துக் காவடியின் பரவசத்தையும் ஒருசேர ஆராய்ந்தார்கள். ஆஸ்திரேலியரான ஷான் டர்னல் 2009இல் பர்மாவின் வங்கி வரலாற்றை எழுதினார். இவர்களுடைய பிரயாசைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் இத்தகைய ஆராய்ச்சி பெரும்பாலும் அரசாங்க அறிக்கைகளையும், விசாரணைக் குழுக்களின் சாட்சியங்களையும், நேர்காணல்களையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. குறிப்பையும் பேரேட்டையும் ஐந்தொகையையும் வரிவரியாகப் படித்து, நாள்தோறும் நடந்த கொடுக்கல் வாங்கலை நிதியியலார் கையாளத்தக்க எண்தொகுதியாக மாற்றும் வேலை இன்னும் செய்யவேண்டிய வேலையாகவே நிற்கிறது.

காரணம் வெளிப்படை. அந்த ஏடுகள் தமிழில் இருக்கின்றன. அதுவும் இன்றைய தமிழரே தடுமாறும் தமிழில். எண்கள் தமிழ் எண்கள். பின்னங்கள் மாகாணி, அரைக்கால், முந்திரி என்று குறிகளாக எழுதப்பட்டவை. ஆண்டுகள் பிரமோதூத, பிரஜோற்பத்தி, ஆங்கீரச என்ற பெயர்களால் குறிக்கப்பட்டவை. கடையின் பெயர் விலாசமாகச் சுருங்கி மூன்று நான்கு எழுத்துகளாக நிற்கும். வட்டியில் கோயிலுக்கு ஒதுக்கிய மகமை தனிப்பற்றாக வரும். இதைப் படிக்கத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, வட்டிக்கணக்கும் தெரியவேண்டும். வட்டிக்கணக்குத் தெரிந்தாலும் போதாது, அந்தக் கணக்கிலிருந்து என்ன கேள்வி கேட்கலாம் என்பதைப் பாஸ்டனிலும் லண்டனிலும் பயின்றவர் சொல்லவேண்டும். தனியொருவரால் ஆகிற காரியமன்று. இதற்குத்தான் கூட்டுறவு என்ற சொல் பிறந்தது.

என்னிடம் மூன்று ஏடுகள் இருக்கின்றன. நகரப் புனரமைப்பின்போது மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கடைவீடுகள் இடிபடலாயின. அப்பொழுது கிட்டங்கி ஒன்றில் குப்பையோடு குப்பையாகப் போகவிருந்தவற்றைத் தந்தையார் தகரப் பெட்டியொன்றில் வைத்துத் தோ பாயோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றுள் ஒன்று பிரஜோற்பத்தி வருஷத்துப் பேரேடு. அந்த வருஷத்தில்தான், 1931 செப்டம்பர் 21ஆம் தேதி, பிரிட்டன் தங்கத்தோடு தன் நாணயத்துக்கு இருந்த பிணைப்பை அறுத்தெறிந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளும் அதிர்ந்த நாள் அது. தமிழ்க் கணக்கில் புரட்டாசி முதல் வாரம். அந்த வாரத்துப் பற்றுவரவை ஆவலோடு தேடிப் பார்த்தேன். தங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறிது நேரம் யோசித்தபின்தான் காரணம் விளங்கியது. நம் நீரிணை வெள்ளி ஒன்றுக்கு 28 பென்ஸ் என்றும், இந்திய ரூபாய் ஒன்றுக்கு 18 பென்ஸ் என்றும் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்தன. ஸ்டெர்லிங் இறங்கியபோது இரண்டும் சேர்ந்தே இறங்கின. நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ 155 ரூபாய் என்ற விகிதம் அசையவில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பாலம் முறிந்தபோது, மார்க்கெட் ஸ்திரீட்டுக்கும் காரைக்குடிக்கும் இடையே பாலம் நின்றது. ஆனால் வேறொன்றைக் கண்டேன். தோட்டக்காரர் பெயர்களுக்கு எதிரே பற்று எழுதிய பக்கங்களில், வரவு எழுதவேண்டிய இடம் மாதக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. அந்த ஏட்டில் மந்தத்தின் அடையாளம் அந்த வெறுமைதான்.

நான் நிதியியல் பயின்றவனல்லன், கண்டதைச் சொன்னேன். பயின்றவர் ஒருவர் அந்த ஒரே பக்கத்திலிருந்து எத்தனை உண்மைகளை எடுப்பார் என்பதை என்னால் ஊகிக்கவே முடியவில்லை. ஏடுகளில் தேடவேண்டிய கதை வேறொன்றும் உண்டு. நகரத்தார் சமூகத்துக்கு நவீன வங்கியின் வழியைக் காட்டிய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார், 1937 பிப்ரவரி 10இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் திறந்தவர். அந்த மனிதர் 1954 மார்ச்சில் நம்முடைய காலாங் விமானத்தளத்தில் விமானம் நொறுங்கி உயிர்துறந்தார். கிட்டங்கிப் பாயிலிருந்து வங்கி மேசைக்கு மாறிய அந்தத் திருப்பத்தின் உட்கணக்கை, அதன் துணிவையும் அச்சத்தையும், ஏடுகளன்றி வேறு யார் நமக்குச் சொல்லப்போகிறார்கள்?

செய்யத்தக்கது இன்னதென்பதற்கு முன்மாதிரியும் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் ஆயுள் முழுவதும் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுப்பிரசுரங்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிதறிப்போகும் நிலையில் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே நூலகமாக நிறுவச் செய்து, நுண்படமெடுத்துப் பாதுகாக்க வழிசெய்தது. பொருள் தமிழ்நாட்டில் இருந்தது, பிரதி உலகுக்குக் கிடைத்தது, தொழில்நுட்பமும் பணமும் கடல் கடந்து வந்தன. கூட்டுறவுக்கு இதைவிட கௌரவமான வடிவத்தை நான் அறியேன்.

அதே முறையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நம் தேசிய நூலகமும் முன்வந்து, சிகாகோ, பீலஃபெல்ட், லண்டன் ஆகிய இடங்களின் நிதி வரலாற்றாளர்களையும், சென்னையிலும் செட்டிநாட்டிலும் ஏடு படிக்கத் தெரிந்த முதியவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டு, உலகத்தரமான நிதியியல் துறையையும் தன்னிடத்திலேயே வளர்த்துக்கொண்டிருக்கும் நாடு, எனக்குத் தெரிந்தவரை, சிங்கப்பூர் ஒன்றே. இரு கரைகளுக்கும் இல்லாத இந்தத் தகுதி நமக்கு இருக்கும்போது, அவர்கள் வரைந்த படத்தை நாம் பிரதியெடுத்துக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று. ஏடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் கடனாளிகளின் பெயர்கள் வெளியாகுமே என்று தயங்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானதே. பெயர்களை மறைத்துத் தொகைகளையும் தேதிகளையும் வட்டிகளையும் மட்டும் ஆராய்ச்சிக்குத் தரும் ஏற்பாடு எளிதில் செய்யக்கூடியது. பாடம் தமிழ் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். தமிழ் எண்ணையும் பின்னத்தையும் ஓய்வுநேரத்து விநோதமாகக் காட்டாமல், உண்மையான பேரேட்டின் ஒரு பக்கத்தை மாணவர்முன் வைத்து வட்டி கண்டுபிடிக்கச் சொன்னால், கணக்கும் மொழியும் சரித்திரமும் ஒரே பாடவேளையில் கைகூடும்.

தாமதம் ஆகாது. சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்தவர் காலமானபின், வீடு மாற்றும் அவசரத்தில், அவர் கட்டிவைத்திருந்த ஏடுகள் முழுவதும் பழைய செய்தித்தாள்களோடு சேர்ந்து பழைய பொருள் வாங்கும் கருங்குனிக்காரரின் தள்ளுவண்டியில் ஏறிவிட்டன. எடைக்குப் போட்டதில் கிடைத்தது சில வெள்ளி. செய்தி எனக்கு இரண்டு நாள் பொறுத்தே எட்டியது. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் இருந்த சுவடே இன்று இல்லை. 51 மாடிக் கட்டடம் ஒன்று அந்தத் தெருவில் எழுந்து நிற்கிறது, அதன் பல மாடிகளில் இன்றும் பணமே பேசப்படுகிறது. கட்டடத்தை மீட்க முடியாது. தோ பாயோ, அங் மோ கியோ, சிராங்கூன் வீடுகளின் கட்டில்களுக்கு அடியில் தகரப் பெட்டிகளில் கிடப்பவற்றை மீட்க முடியும்.

என் பேத்தி பல்கலைக்கழகத்தில் நிதியியல் பயில்கிறாள். இந்த ஜூன் விடுமுறையில் ஞாயிறுதோறும் காலையில், தோ பாயோ நூலகத்தின் மாடியில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, பிரஜோற்பத்திப் பேரேட்டை இருவரும் படித்துவருகிறோம். இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. அவள் ஒவ்வொரு வரியையும் கணினியில் ஏற்றுகிறாள், குறி விளங்காத இடங்களில் சிவப்பு வண்ணம் பூசி வைக்கிறாள். சிவப்பு நிறையவே இருக்கிறது. எனக்கும் விளங்காதவை அவை. மற்ற இரண்டு ஏடுகளையும், எந்தப் பல்கலைக்கழகமோ நூலகமோ ஒரு படக்கருவியோடும் ஏடு படிக்கத் தெரிந்த ஒருவரோடும் வந்து கேட்டாலும், நிபந்தனையின்றி எடுத்துத் தருவேன்.